கணக்குக் கேட்ட ஆசிரியை

மாதந்தோறும் தவறாத ஊதியம், முதுமையில் ஓய்வூதியம், காரணமின்றி வேலையிலிருந்து நீக்கமாட்டார்கள் என்ற உறுதி ஆகியவை இன்று பல நாடுகளில் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கிடைக்கின்றன. இவை தொடக்கத்திலிருந்தே இருந்தவை என்று நாம் எண்ணிவிடக்கூடும். உண்மையில், இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் நீண்ட வாதமும் வழக்கும் இருந்தன. அத்தகைய வழக்கு ஒன்றை அமெரிக்காவின் சிகாகோ நகரில் முன்னின்று நடத்தியவர் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை. அவர் பெயர் மார்கரெட் ஹேலி.

மார்கரெட் ஹேலி 1861ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் இலினோய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் பிறந்தார். அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி அமெரிக்கா வந்த மரபினர் அவருடைய குடும்பத்தார். தந்தை கல்லுடைக்கும் தொழில் நடத்தி வந்தார். அத்தொழில் நொடித்துப் போனதால் குடும்பத்தின் சுமையை மூத்த பிள்ளைகளும் தாங்க வேண்டியதாயிற்று. அக்காலத்தில் படித்த இளம்பெண்ணுக்குத் திறந்திருந்த வாயில்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று பள்ளிக்கூடம். மார்கரெட் தமது பதினாறாம் வயதிலேயே சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகப் பணியேற்றார்.

பின்னர் ஆசிரியர் பயிற்சியும் பெற்று அவர் சிகாகோவில் குடியேறினார். 1884ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் ஹென்றிக்ஸ் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் நடத்தினார். மாட்டுச் சந்தைகளும் இறைச்சித் தொழிற்கூடங்களும் நிறைந்த பகுதியில் அப்பள்ளி அமைந்திருந்தது. ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகளே அங்குப் படித்தனர். அவர்களுள் பலருக்கு ஆங்கிலம் வீட்டுமொழியன்று. அந்நாளில் சிகாகோ வகுப்பறைகளில் ஐம்பது அறுபது பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பது வழக்கம். ஒரே ஆசிரியை அத்தனை பேருக்கும் எழுத்தும் எண்ணும் கற்பித்தாக வேண்டும்.

அந்த உழைப்புக்குக் கிடைத்த ஊதியமோ மிகக் குறைவு. புதிதாகச் சேர்ந்த தொடக்கப்பள்ளி ஆசிரியைக்கு ஆண்டுக்கு 500 டாலர். எத்தனை ஆண்டு அனுபவம் பெற்றாலும் 825 டாலருக்கு மேல் உயர வழியில்லை. 1877ஆம் ஆண்டு முதல் இருபது ஆண்டுகளாக அந்த ஊதியம் உயர்த்தப்படவே இல்லை. அதற்குள் நகரம் பன்மடங்கு வளர்ந்துவிட்டது. வானளாவிய கட்டடங்கள் எழுந்தன. தெருக்களில் மின் டிராம்கள் ஓடின. பிள்ளைகளின் எண்ணிக்கை பெருகியது. ஆசிரியையின் சம்பளம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்கள் அவர்களைவிடக் கூடுதலாகப் பெற்றனர். பெண்களுக்கு வாக்குரிமை இல்லாத காலம் அது. ஆகவே, அவர்களின் குறையைக் கேட்டு அஞ்ச வேண்டிய தேவை எந்த அரசியல்வாதிக்கும் இருக்கவில்லை.

1895ஆம் ஆண்டில் சிகாகோ ஆசிரியர்களுக்கு ஓய்வூதியச் சட்டம் ஒன்று வந்தது. ஒவ்வொருவர் ஊதியத்திலிருந்தும் நூற்றில் ஒரு பங்கு பிடித்தம் செய்யப்பட்டு ஒரு நிதியில் சேர்க்கப்பட்டது. சிலர் இப்பிடித்தத்தை விரும்பவில்லை. அச்சட்டத்திற்கு ஆபத்து வரும் என்று தெரிந்ததும், அதைக் காக்கவும் ஊதிய உயர்வு கோரவும் தொடக்கப்பள்ளி ஆசிரியைகள் 1897இல் சிகாகோ ஆசிரியர் கூட்டமைப்பைத் தொடங்கினர். அடுத்த ஆண்டில் ஹேலியும் அதில் இணைந்தார். கேத்தரின் காகின் என்னும் ஆசிரியை அவருக்கு உற்ற தோழியானார். காகின் அமைதியாகத் திட்டமிடுபவர். ஹேலி துணிந்து பேசுபவர். இருவரும் இரட்டை மாட்டு வண்டிபோல அமைப்பை இழுத்துச் சென்றனர்.

கூட்டமைப்பின் கோரிக்கையை ஏற்றுக் கல்வி வாரியம் 1898இல் ஊதிய உயர்வு அளிக்க முன்வந்தது. உச்ச ஊதியம் படிப்படியாக 1,000 டாலர் வரை உயரும் என்று அறிவிக்கப்பட்டது. முதல் ஆண்டின் உயர்வு கைக்கு வந்தது. அதற்குப்பின் வாரியம் கையை விரித்தது. கருவூலத்தில் பணம் இல்லை என்றும், எஞ்சிய உயர்வுகளைத் தர இயலாது என்றும் கூறிவிட்டது.

இந்த இடத்தில் பலர் என்ன செய்திருப்பர்? மீண்டும் ஒரு விண்ணப்பம் எழுதியிருப்பர். அல்லது விதியே என்று விட்டிருப்பர். ஹேலியும் காகினும் வேறு வழியில் சிந்தித்தனர். பணம் இல்லை என்பது உண்மையானால், ஏன் இல்லை? பள்ளிகள் மக்களின் வரிப்பணத்தில் நடக்கின்றன. அவ்வாறாயின், வரி கட்ட வேண்டியவர்கள் அனைவரும் கட்டுகிறார்களா? கணக்கில் விடை தவறினால் எந்த அடியில் பிழை நேர்ந்தது என்று பின்னோக்கிப் பார்க்குமாறு மாணவர்களுக்குக் கற்பித்தவர்கள் அல்லவா அவர்கள்? நகரத்தின் கணக்கையும் அவ்வாறே பார்க்கத் தொடங்கினர்.

1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இருவரும் பள்ளியிலிருந்து விடுப்புப் பெற்று வரிப் பதிவேடுகளை ஆராய்ந்தனர். அரிய உண்மையொன்று வெளிப்பட்டது. டிராம், எரிவாயு, மின்சாரம், தொலைபேசி முதலிய சேவைகளை நடத்திய பெரிய நிறுவனங்கள் நகரத் தெருக்களைப் பயன்படுத்தும் உரிமத்தைப் பெற்றிருந்தன. அந்த உரிமத்தின் மதிப்புக் கோடிக்கணக்கான டாலர். சட்டப்படி அதற்கும் வரி விதிக்கப்பட வேண்டும். ஆனால், அந்த வரி விதிக்கப்படவே இல்லை. சிறிய வீட்டுக்காரரும் கடைக்காரரும் தவறாமல் வரி செலுத்த, நகரத்தின் மிகப் பெரிய செல்வம் வரிப் பட்டியலில் இடம்பெறாமல் இருந்தது. கருவூலம் ஏன் வற்றியது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது.

விடை கிடைத்தது, தீர்வு எளிதில் கிடைக்கவில்லை. வரி மதிப்பீட்டுக்குப் பொறுப்பான மாநில வாரியத்திடம் ஆசிரியைகள் முறையிட்டனர். வாரியம் தட்டிக் கழித்தது. கூட்டமைப்பு நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. சட்டப்படி வரி விதிக்குமாறு வாரியத்துக்கு ஆணையிட வேண்டும் என்று கோரியது. 1901ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இலினோய் உச்ச நீதிமன்றம் ஆசிரியைகளின் பக்கமே நியாயம் உள்ளது என்று தீர்ப்பளித்தது. நிறுவனங்கள் கூட்டரசு நீதிமன்றத்தை நாடித் தொகையைக் குறைத்துக்கொண்டன. அப்படியிருந்தும் ஏறத்தாழ 600,000 டாலர் வரியாக வந்து சேர்ந்தது. அதில் கல்வி வாரியத்தின் பங்கு ஏறத்தாழ 250,000 டாலர்.

இனிச் சம்பளம் உயரும் என்று ஆசிரியைகள் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. வந்த பணத்தை நிலக்கரிக் கடனுக்கும் கட்டடப் பழுதுபார்ப்புக்கும் பிற செலவுகளுக்கும் ஒதுக்க வாரியம் முடிவு செய்தது. வாரியத்தின் பக்கமும் ஒரு வாதம் இருந்தது. சிகாகோவின் குளிர்காலம் கொடியது. கணப்பு எரியாத வகுப்பறையில் பிள்ளைகள் எவ்வாறு படிப்பர்? ஒழுகும் கூரையைச் செப்பனிடாமல் இருக்க முடியுமா? இக்கேள்விகள் பொருளற்றவை அல்ல. ஆயினும், ஏற்கெனவே அளித்த வாக்கைக் காப்பாற்றப் பணமில்லை என்று சொன்ன வாரியம், அப்பணத்தை ஆசிரியைகளே தேடித் தந்தபின் வேறு வழியில் செலவிடலாமா என்று கூட்டமைப்பு கேட்டது. மீண்டும் வழக்குத் தொடர்ந்தது. 1904இல் நீதிபதி எட்வர்ட் டன் ஆசிரியைகளுக்குச் சார்பாகத் தீர்ப்பு வழங்கினார். மறு ஆண்டில் அதே டன் சிகாகோவின் நகரத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இப்போராட்டத்தின்போது ஹேலி ஒரு பாடத்தை உணர்ந்தார். உண்மையும் சட்டமும் தம் பக்கம் இருந்தாலும் வாக்குரிமை இல்லாதவரின் குரல் எளிதில் அமுங்கிவிடும். நகரில் வாக்குரிமை உடைய ஆண் தொழிலாளர்கள் பெரும் எண்ணிக்கையில் சங்கங்களில் திரண்டிருந்தனர். அவர்களுடைய பிள்ளைகளே அரசுப் பள்ளிகளில் படித்தனர். எனவே, 1902ஆம் ஆண்டு நவம்பரில் ஆசிரியர் கூட்டமைப்பு சிகாகோ தொழிலாளர் சம்மேளனத்தில் இணைந்தது.

இம்முடிவு பெரும் சலசலப்பை உண்டாக்கியது. ஆசிரியைகளுள்ளேயே கருத்து வேறுபாடு எழுந்தது. ஆசிரியப் பணி ஒரு தொண்டு. வண்டியோட்டிகளோடும் இறைச்சி வெட்டுவோரோடும் சேர்ந்து கூலி பேசுவது அதன் மதிப்பைக் குறைக்கும் என்று சிலர் வருந்தினர். பொதுமக்கள் பணத்தில் ஊதியம் பெறுபவர்கள் ஒரு தரப்பினரோடு மட்டும் கைகோப்பது முறையா என்று வேறு சிலர் வினவினர். தொண்டு செய்பவருக்கும் பசி உண்டு என்பது ஹேலியின் எண்ணம். ஆசிரியர் கடனிலும் கவலையிலும் உழன்றால் அதன் இழப்பு வகுப்பறையில் உள்ள பிள்ளையையே சேரும் என்று அவர் எடுத்துரைத்தார். கூட்டமைப்பு வழக்காடலையும் விண்ணப்பங்களையும் பொதுமக்கள் ஆதரவையுமே நம்பியது. வகுப்பறைகளை மூடிப் போராடுவதை அது தன் வழியாகக் கொள்ளவில்லை.

ஹேலியின் பணி சிகாகோவோடு நிற்கவில்லை. அந்நாளில் தேசியக் கல்விச் சங்கம் என்ற பெரிய அமைப்பு இருந்தது. பல்கலைக்கழகத் தலைவர்களும் கல்வி அதிகாரிகளுமே அதன் மேடைகளில் அமர்ந்தனர். வகுப்பறை ஆசிரியைகள் கேட்போராக மட்டும் இருந்தனர். 1901இல் டெட்ராய்ட் நகரில் நடந்த மாநாட்டில், நாட்டின் பள்ளிகள் செழிப்பாக உள்ளன என்ற பாங்கில் கூட்டரசின் கல்வி ஆணையர் வில்லியம் ஹாரிஸ் பேசினார். ஹேலி எழுந்து மறுத்தார். பள்ளிகளின் வறுமையையும் ஏய்க்கப்பட்ட வரியையும் அவையோர்முன் எடுத்துக் கூறினார். ஆண்டு முழுவதும் உழைத்துக் களைத்துப்போன ஓர் ஆசிரியையின் பதற்றம் என்று ஹாரிஸ் அவர் பேச்சை ஒதுக்க முயன்றார். அந்த ஏளனம் ஹேலியைத் தளர்த்தவில்லை. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1904இல், செயிண்ட் லூயிஸ் நகரில் நடந்த அதே சங்கத்தின் மாநாட்டில் ஆசிரியர்கள் ஏன் ஒன்றுதிரள வேண்டும் என்ற தலைப்பில் அவர் உரையாற்றினார். போதிய ஊதியம், பணிப் பாதுகாப்பு, முதுமைக்கான ஏற்பாடு, அளவான வகுப்புகள், பள்ளி நிருவாகத்தில் ஆசிரியரின் குரல் ஆகியவை இல்லாமல் நல்ல கல்வி இல்லை என்பதே அவ்வுரையின் சாரம்.

1909ஆம் ஆண்டில் எல்லா பிளாக் யங் என்னும் கல்வியாளர் சிகாகோ பள்ளிகளின் தலைமைக் கண்காணிப்பாளர் ஆனார். அமெரிக்கப் பெருநகர் ஒன்றில் அப்பொறுப்பை ஏற்ற முதற்பெண் அவர். அடுத்த ஆண்டில் தேசியக் கல்விச் சங்கத்தின் முதல் பெண் தலைவராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்கு ஆதரவு திரட்டியவர்களுள் ஹேலி முன்னணியில் நின்றார். 1913இல் இலினோய் மாநிலப் பெண்கள் சில தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமையையும் பெற்றனர்.

ஆனால், கடுமையான சோதனை அதன் பிறகே வந்தது. 1915ஆம் ஆண்டில் கல்வி வாரியத்தில் ஜேக்கப் லோப் என்பவர் செல்வாக்குப் பெற்றிருந்தார். தொழிலாளர் சங்கத்தோடு இணைந்த அமைப்புகளில் ஆசிரியர்கள் உறுப்பினராக இருக்கக்கூடாது என்று வாரியம் விதி இயற்றியது. அவ்விதி லோப் விதி என்றே பெயர்பெற்றது. ஆசிரியரின் பற்று முழுவதும் பள்ளிக்கே உரியதாக இருக்க வேண்டும்; வெளியே உள்ள ஒரு சங்கத்துக்கு அவர் கட்டுப்பட்டால் ஒழுங்கு குலையும் என்பது விதியை ஆதரித்தோரின் வாதம். விருப்பமான அமைப்பில் சேரும் உரிமை எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு. ஆசிரியர் மட்டும் அதை இழக்க வேண்டுமா என்பது எதிர்த்தோரின் வாதம்.

அக்காலத்தில் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் புதிதாக நியமிக்கப்பட்டனர். 1916ஆம் ஆண்டு கோடையில் 68 ஆசிரியர்களுக்கு மறுநியமனம் மறுக்கப்பட்டது. நற்சான்று பெற்றவர்களும் அப்பட்டியலில் இருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் கூட்டமைப்பின் உறுப்பினர்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் காகின் வாகனம் மோதி இறந்திருந்தார். பல்லாண்டுத் தோழியை இழந்த துயரம் ஆறுமுன்பே, வேலை இழந்தவர்களுக்காக ஹேலி ஓட வேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் பல நகரங்களின் ஆசிரியர் சங்கங்கள் சேர்ந்து அமெரிக்க ஆசிரியர் சம்மேளனத்தை நிறுவின. அதன் முதற்கிளை என்ற எண் சிகாகோ கூட்டமைப்புக்கே வழங்கப்பட்டது.

1917இல் வழக்கின் முடிவு வந்தது. யாரை நியமிப்பது, யாரை விடுவது என்பது முழுக்க வாரியத்தின் உரிமை என்று இலினோய் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்பு கைகொடுத்த அதே நீதிமன்றம் இப்போது கைவிட்டது. ஹேலியின் முன் இரண்டு வழிகளே இருந்தன. சங்க உறவைப் பிடித்துக்கொண்டு ஆசிரியைகளின் வேலையைப் பணயம் வைக்கலாம். அல்லது, சங்க உறவைத் துறந்து அவர்களுடைய வேலையைக் காக்கலாம். கூட்டமைப்பு இரண்டாம் வழியைத் தேர்ந்தது. பதினைந்து ஆண்டுகள் பேணிய தொழிலாளர் சம்மேளன உறவிலிருந்தும், தான் முதற்கிளையாக அமைந்த ஆசிரியர் சம்மேளனத்திலிருந்தும் விலகியது. அதே ஆண்டில் ஓட்டிஸ் சட்டம் என்ற புதிய சட்டம் நிறைவேறியது. மூன்றாண்டுத் தகுதிகாண் காலம் முடித்த ஆசிரியரை, எழுத்து மூலமான குற்றச்சாட்டும் விசாரணையும் இன்றி நீக்க முடியாது என்று அது வகுத்தது. ஆண்டுதோறும் அஞ்சி வாழ்ந்த நிலை மாறியது. ஆயினும், அதற்குக் கொடுத்த விலை சிறியதன்று.

பிற்காலத்தில் ஹேலியின் செல்வாக்குக் குறைந்தது. 1930களில் பெரும் பொருளாதார வீழ்ச்சி ஏற்பட்டது. சிகாகோ ஆசிரியர்கள் மாதக்கணக்கில் ஊதியமின்றித் தவித்தனர். வரிப்பணம் மீண்டும் வற்றியது. பழைய கேள்விகள் மீண்டும் எழுந்தன. 1937இல் நகரின் வெவ்வேறு ஆசிரியர் அமைப்புகள் ஒன்றிணைந்து புதிய சங்கம் கண்டபோது ஹேலியின் கூட்டமைப்பு அதில் சேரவில்லை. ஒன்றுதிரளுங்கள் என்று நாடெங்கும் முழங்கியவரின் அமைப்பே தனித்து நின்றது வியப்புக்குரியது. சிறந்த தலைவர்களின் வாழ்விலும் இத்தகைய முரண்கள் உண்டு. 1939ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள், தமது 77ஆம் வயதில் ஹேலி காலமானார்.

ஆசிரியரின் ஊதியத்தையும் சங்கத்தையும் பற்றிய வாதம் அவரோடு முடிந்துவிடவில்லை. கருவூலத்தில் உள்ள பணம் அளவானது. மருத்துவமனைக்கும் சாலைக்கும் அதில் பங்கு உண்டு. ஆசிரியருக்குக் கூடுதலாகக் கொடுப்பதென்றால் யாரோ ஒருவர் கூடுதலாக வரி செலுத்த வேண்டும். இதை மறந்து பேசுவது நேர்மையன்று. அதேபோல, பணமில்லை என்ற சொல்லைக் கேட்டவுடன் பேச்சை முடித்துக்கொள்வதும் அறிவுடைமை ஆகாது. ஹேலி பதிவேட்டைத் திறந்து பார்த்திராவிட்டால், ஏய்க்கப்பட்ட அந்த வரி எவர் கண்ணிலும் பட்டிருக்காது; சிகாகோவின் பள்ளிகளும் ஏழையாகவே இருந்திருக்கும்.

வகுப்பறையில் கணக்குக் கற்பித்தவர் ஊருக்கும் கணக்குக் கற்பித்தார். குறையைக் கண்டால் புலம்பாமல் அதன் காரணத்தைத் தேடுவதும், சான்றோடு பேசுவதும், எதிர்த்தரப்பு வாதத்துக்கும் விடை கூறும் அளவு ஆயத்தமாக இருப்பதும் மார்கரெட் ஹேலி அம்மையாரின் வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டிய பாடங்கள்.